அளவும் அழகும்: மர மெல்லோடுகள் குறித்து ஒரு மதிப்பீடு

அரபு மொழியில் வடிவியலுக்கும் பொறியியலுக்கும் 'ஹன்தஸா' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அரபிக் கல்லூரி வகுப்பில் அகராதிப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இச்சொல்லருகே வந்து தயங்குவதை நாம் ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். வழக்கம்போல் அவர்கள் அதற்கு ஓர் அரபு வேர்ச்சொல்லைத் தேடுவர்; வேர் அங்கே கிட்டுவதில்லை. பாரசீகத்தில் 'அளவு' என்று பொருள்படும் 'அன்தாஸா' என்னும் சொல்லே அரபுக்குள் வந்து 'ஹன்தஸா' ஆயிற்று என்பது மொழியறிஞர் கண்ட முடிவு. தால் எழுத்தை அடுத்து ஸாய் எழுத்து நிற்பது அரபுச் சொல்லின் இயல்புக்கு ஒவ்வாது. ஆதலின் 'முஹன்திஸ்' என்பதன் இறுதியிலிருந்த ஸாய், ஸீனாக மாறிற்று என்றும் அவர்கள் விளக்குவர். ஆக, பொறியாளர் என்பவர் சொல்லளவில் 'அளப்பவர்' என்பதே. கட்டுபவர் என்றோ புதுமை படைப்பவர் என்றோ மொழி அவரை அழைக்கவில்லை.

இச்சொல்லாராய்ச்சியை ஈண்டு நாம் முன்வைப்பதற்குக் காரணமுண்டு. கணினியின் துணைகொண்டு மரத்தால் எழுப்பப்படும் எடை குறைந்த கூரைகளைப் பற்றி அண்மைக் காலத்தில் பெரும் புகழுரைகள் வெளிவந்தவண்ணம் உள்ளன. 'கணினியே வடிவமைத்தது', 'இயற்கையிடமிருந்து கற்றது', 'இதுவரை எவரும் கட்டியிராதது' என்னும் தொடர்கள் அவற்றில் மலிந்து கிடக்கின்றன. பொறியியல் நம் துறையன்று. சொற்களே நம் துறை. ஆயினும் ஒரு கலையைப் புகழும் சொற்கள் அக்கலையின் உண்மைப் பயனை மறைக்குமாயின், அதனை எடுத்துரைப்பது சொற்களோடு வாழ்பவரின் கடமையாகிறது. இக்கட்டடங்களில் கணக்கின் வேலை யாது? எங்கே அது அளவையாக நிற்கிறது? எங்கே வெறும் ஏவலாளாக மாறுகிறது? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு சில கட்டடங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடு என்பது யாது?

கட்டுமானத் துறையில் ஓடு என்று குறிக்கப்படுவது நம் வீட்டுக் கூரையில் வேயும் மண்ஓடு அன்று. முட்டையோடு, ஆமையோடு, கடற்சிப்பி ஆகியவற்றின் இனத்தைச் சார்ந்தது. ஒரு தாளின் ஒரு விளிம்பைப் பிடித்து நீட்டினால் தன் எடை தாங்காமல் அது மடிந்து தொங்கும். அதே தாளைச் சற்றே குழிவாக வளைத்துப் பிடித்தால் நேராக நிற்கும். தாளின் தடிப்பு கூடவில்லை, வடிவம் மாறிற்று, வலிமை பிறந்தது. தடிப்பால் அன்றி வளைவால் நிற்கும் இத்தகைய மெல்லிய கட்டமைப்பை 'மெல்லோடு' என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

மரம் இதற்கு ஏற்ற பொருள். நாரின் திசையில் அது வலிமை மிக்கது; குறுக்கே வலிமை குன்றியது. மெல்லிய சட்டமாக அறுத்தால் வளையும். ஈரம் வற்றும்போது தானாகவே கோணும். இக்குணங்களை அறிந்து பயன்படுத்திய முன்னோர் பலர். இஸ்லாமியக் கட்டடக்கலை வரலாற்றின் தலைவாயிலிலேயே இதற்கொரு பெருஞ்சான்று நிற்கிறது. ஹிஜ்ரி 72இல் (கி.பி. 691-92) கலீஃபா அப்துல் மலிக் ஜெரூசலத்தில் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் குவிமாடம் கல்லாலானது அன்று; மரத்தாலானது. ஏறக்குறைய 20 மீட்டர் விட்டமுள்ள அக்குவிமாடத்தில் இடைவெளி விட்டு ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மரக்கூடுகள் அமைந்துள்ளன. அதன் எடை குறைவு என்பதனாலேயே நான்கு பெருந்தூண்களும் பன்னிரண்டு சிறுதூண்களும் கொண்ட ஒரு வட்டம் அதனைத் தாங்கப் போதுமானதாயிற்று. கி.பி. 1016இல் அது சரிந்தது. ஃபாத்திமியர் காலத்தில், 1022ஆம் ஆண்டளவில், மீண்டும் மரத்தாலேயே எழுந்தது. பொன்முலாம் பூசிய வெளித்தோற்றத்தைக் கண்டு வியப்போர் பலர். அதனுள்ளே தச்சர்கள் காட்டிய சிக்கனத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கணக்கின் வரலாற்றிலும் நம்மவர் பங்கு சிறிதன்று. சமர்கந்தில் வாழ்ந்த ஜம்ஷீத் அல்காஷீ 1427இல் நிறைவு செய்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்னும் கணித நூலில் வளைவுகள், குவிமாடங்கள், முகர்னஸ் எனப்படும் அடுக்குக் குழிவு வேலைப்பாடுகள் ஆகியவற்றின் பரப்பையும் கொள்ளளவையும் காணும் வழிகளைத் தனிப் பகுதியாக வகுத்துரைத்துள்ளார். கட்டுமானப் பொருளையும் வேலையின் அளவையும் மதிப்பிடப் பயன்படத்தக்க கணக்கு அது. எனினும் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அல்காஷீயின் கணக்கு, கொத்தரும் தச்சரும் முன்பே அறிந்திருந்த வடிவத்தைப் பின்னின்று அளந்தது. அவ்வடிவம் ஏன் நிற்கிறது என்னும் வினாவை அது எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு விடை பிறந்தது பிறிதோர் இடத்தில்.

தொங்கும் சங்கிலி

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1675இல் தாம் கண்ட உண்மையொன்றை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். அவர் மறைந்தபின் 1705இல்தான் புதிர் அவிழ்ந்தது. அவர் கருத்து எளியது. இரு முனைகளைப் பிடித்துச் சங்கிலியைத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவைத் தானே தேடிக்கொள்கிறது. அவ்வளைவில் இழுவிசை மட்டுமே உண்டு. அதே வளைவைத் தலைகீழாக்கி இறுகிய பொருளால் கட்டினால் அதில் அமுக்குவிசை மட்டுமே இருக்கும். வளைத்து முறிக்கும் விசை தலைகாட்டாது. ரோம் நகரின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, ஜோவான்னி பொலேனி எடைகளைக் கோத்த சங்கிலியைத் தொங்கவிட்டு அதன் நிலையை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1748இல் வெளியாயிற்று. ஸ்பெயினின் அந்தோனி கௌதி கயிறுகளையும் ஈயக்குண்டுப் பைகளையும் தொங்கவிட்டு, ஒரு வழிபாட்டிடத்துக்கே வடிவம் கண்டார்.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தை ஆய்ந்து நோக்குதல் வேண்டும். அதுகாறும் கலைஞர் மனத்தில் வடிவம் பிறந்தது. கணக்கு அதனை அளந்தது. தொங்கும் சங்கிலியிலோ கலைஞர் எல்லைகளை மட்டுமே விதிக்கிறார். வடிவத்தை எடையே தேர்ந்துகொள்கிறது. கட்டுபவர் ஆணையிடுபவராக இல்லாமல் வினா எழுப்புபவராகிறார். மர மெல்லோடுகளை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் உரைகல்லும் இதுவே: இங்கே வினா எழுப்பப்பட்டதா, ஆணை இடப்பட்டதா?

மன்ஹைம்: விடைக்குக் காத்திருந்த கட்டடம்

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1975ஆம் ஆண்டுத் தேசியத் தோட்டக் கண்காட்சிக்காக எழுந்த 'முல்டிஹாலே' என்னும் மண்டபம் இவ்வகையில் தலைசிறந்தது. கட்டடக் கலைஞர் கார்ல்ஃபிரீட் முட்ஷ்லரும் அவர்தம் குழுவினரும் ஃப்ரை ஓட்டோவைத் துணைக்கழைத்தனர். நம் வாசகர்களுக்கு ஓட்டோ முற்றிலும் அயலானவர் அல்லர். ரோல்ஃப் குட்பிராட்டுடன் இணைந்து மக்காவில் அவர் உருவாக்கிய மாநாட்டு மண்டபமும் விடுதியும் 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றன. மதீனாப் பள்ளிவாசல் முற்றங்களில் விரிந்து மடங்கும் குடைகளை அமைத்த போடோ ராஷ் அவரிடம் பயின்றவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரான்சின் ஷார்த்ர் நகருக்கருகே போர்க்கைதியாக இருந்தபோது, கிடைத்த சொற்பப் பொருளைக்கொண்டு முகாமில் கட்டுமான வேலைகளைச் செய்தவர் ஓட்டோ. குறைந்த பொருளால் மிகுந்த இடத்தை மூடுவது என்னும் அவருடைய வாழ்நாள் வேட்கைக்கு அப்பற்றாக்குறையும் ஒரு பாடசாலையாக இருந்திருக்க வேண்டும்.

மன்ஹைம் மண்டபத்துக்காக அவர் குழுவினர் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவில் ஒரு வலையைத் தொங்கவிட்டனர். வலை தானே கண்டுகொண்ட வடிவத்தைத் தலைகீழாக்கினால் கூரை. வலையை நிழற்படமெடுத்து, அதன் முடிச்சுகளின் இடங்களை அளந்தனர். ஆனால் கைவேலை மாதிரியில் சிறு பிழைகள் தவிரா. நூற்றில் ஒரு பங்கில் ஒரு மில்லிமீட்டர் பிழை கட்டடத்தில் அரைச் சாணுக்குச் சற்றே குறைந்த பிழையாகும். இங்கேதான் கணினி உள்ளே வந்தது. ம்யூனிக் நகரின் 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக் கூரைக்காக கிளவுஸ் லிங்க்விட்சும் அவருடன் பணியாற்றிய ஷெக்கும் ஒரு கணக்கு முறையை உருவாக்கியிருந்தனர். வலையின் ஒவ்வோர் இழையிலும் உள்ள விசையை அதன் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவை முதலிலேயே நிர்ணயித்துவிட்டால், சிக்கல் மிகுந்த சமன்பாடுகள் யாவும் பள்ளி மாணவரும் அறிந்த நேரியல் சமன்பாடுகளாக எளிமையுறும். அவை எண்ணிக்கையில் மிகுதி. ஆதலின் கணினி தேவை. அல்ஜப்ர் என்னும் கலையின் வழித்தோன்றல், தொங்கிய வலையின் விடையைத் திருத்தி எழுதியது. விடையைத் தானே புனையவில்லை.

கட்டிய முறையும் போற்றத்தக்கது. நம் ஊர்த் தச்சர்கள் ரீப்பர் என்று சொல்லும் வகையிலான, 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஹெம்லாக் மரச்சட்டங்களே மூலப்பொருள். அரை மீட்டர் இடைவெளியில் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகத் தரைமட்டத்தில் பரப்பி, சந்திகளில் போல்ட்டைத் தளர்வாகப் பூட்டினர். திசைக்கு இரண்டாக நான்கு அடுக்குச் சட்டங்கள். பின்னர் சாரக் கோபுரங்களால் கீழிருந்து மெல்ல உயர்த்தினர். சதுரங்கள் சாய்சதுரங்களாயின, சட்டங்கள் தாமே வளைந்தன, வடிவம் கைகூடியபின் போல்ட்டுகளை முறுக்கினர். 60 மீட்டர் அகலத்தை மூடிய அக்கூரையில் ஒரு சட்டமும் முன்கூட்டி வளைத்துச் செதுக்கப்பட்டதன்று. ஓவ் ஆரப் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய டெட் ஹப்போல்டும் இயன் லிடலும் அதன் உறுதியைக் கணக்கிட்டனர். எனினும் கணக்கை மட்டும் நம்பி அமையவில்லை. நீர் நிரப்பிய குப்பைத் தொட்டிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். கணித்ததை மீண்டும் பொருளின் முன் நிறுத்திச் சாட்சி கேட்ட இப்பண்பே அறிவின் அழகு என்று நாம் கருதுகிறோம்.

குறையும் உண்டு. சில மாதக் கண்காட்சிக்காகக் கட்டியது நிலைத்துவிட்டது. 1998இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமும் ஆயிற்று. ஆனால் மேலே போர்த்திய செயற்கைத் துணி முதுமையுற்றது. நீர் கசிந்த இடங்களில் மரம் பழுதுற்றது. வடிவமும் சில இடங்களில் தாழ்ந்தது. நிதி கிட்டாவிடில் இடிப்பதே வழி என்னும் நிலை 2016இல் எழுந்தது. பலருடைய முயற்சியால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. 2019இல் கெட்டி அறக்கட்டளையும் உதவ முன்வந்தது. எடை குறைந்த கட்டடம் கவலை குறைந்த கட்டடமன்று. கற்கோட்டை கவனிப்பாரற்றும் நூற்றாண்டுகள் நிற்கும்; மெல்லோட்டுக்கோ ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் மொழியறிந்த ஒருவர் தேவை. இதனைப் புகழுரைகள் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் சிங்கிள்டனில் உள்ள வீல்டு அண்டு டவுன்லாண்டு அருங்காட்சியகத்தில் 2002இல் எழுந்த கூரை மன்ஹைமின் நேர்வாரிசு. எட்வர்டு கல்லினன் நிறுவனம் வடிவமைத்தது. ஹப்போல்டு தொடங்கிய நிறுவனம் கணக்கிட்டது. இங்கே உலராத பச்சை ஓக் சட்டங்களை உயர்ந்த சாரத்தின் மேல் பரப்பி, சாரத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, புவியீர்ப்பையே வேலையாளாக்கிக்கொண்டனர். கணினி ஒவ்வொரு கட்டத்துக்கும் வழிகாட்டியது. ஆனால் சட்டம் முறியுமா தாங்குமா என்பதைத் தச்சரின் கண்ணும் கையுமே தீர்மானித்தன. கணக்கும் கைவினையும் ஒன்றையொன்று விலக்காமல் உடன் நின்ற காட்சி இது.

ஸ்டுட்கார்ட்: எண்ணிக்கையின் பெருக்கம்

ஓட்டோ 1964இல் நிறுவிய மெல்லமைப்பு ஆய்வகத்தின் ஊர் ஸ்டுட்கார்ட். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே ஆகிம் மெங்கஸ், யான் நிப்பர்ஸ் ஆகியோர்தம் ஆய்வுக்குழுக்கள் 2010 முதல் மரக்கூடங்கள் பலவற்றை எழுப்பியுள்ளன. 2011ஆம் ஆண்டுக் கூடம் ஆறரை மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் ஆனது. ஒன்றைப்போல் ஒன்றிராத 850க்கும் மேற்பட்ட உறுப்புகளையும், இரு கை விரல்களைக் கோத்தாற்போன்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பல்லிணைப்புகளையும் கொண்டது. அவற்றைச் செதுக்கியது ரோபோ. ஷ்வேபிஷ் க்முண்ட் நகரில் 2014இல் எழுந்த மண்டபத்தில் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள 243 பீச் மரப்பலகைகள். ஹைல்பிரான் நகரின் 2019ஆம் ஆண்டுக் கண்காட்சிக் கூடத்திலோ 376 பெட்டகங்கள். ஏறக்குறைய 17,000 பல்லிணைப்புகள். அது 30 மீட்டர் அகலத்தை மூடியது. சதுர மீட்டருக்கு அதன் எடை 38 கிலோகிராம். இரண்டு தச்சர்கள் பத்து வேலைநாள்களில் அதனைப் பூட்டி முடித்தனர். கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுவத்தக்கதாகவும் அது அமைந்தது.

இவை கடல் முள்ளெலியின் ஓட்டிலிருந்து கற்றவை என்று கூறப்படுகின்றன. அக்கூற்றில் உண்மையுண்டு. அவ்வுயிரியின் ஓட்டில் பல தகடுகள் விளிம்போடு விளிம்பு சேர்கின்றன. ஒரு புள்ளியில் மூன்று தகடுகளே சந்திக்கின்றன. அவ்வாறு சந்திக்கும் தகடுகள் விளிம்புகளில் ஒன்றையொன்று தள்ளியும் உராய்ந்தும் விசையைக் கடத்துகின்றன; இணைப்புகள் வளைவைத் தாங்க வேண்டிய தேவை பெரிதும் ஒழிகிறது. விரல்போல் கோத்த இணைப்பு வழுக்குதலைத் தடுப்பதில் வல்லது; வளைதலைத் தடுப்பதில் வல்லதன்று. ஆதலின் முள்ளெலியின் நெறியும் தச்சரின் இணைப்பும் ஒன்றுக்கொன்று மிகப் பொருந்தின. இது போலிசெய்தல் அன்று. நெறியை உணர்ந்து கொள்ளுதல். இவ்வளவுக்கும் நம் பாராட்டு உரியதே.

ஆனால் புகழுரை இவ்வெல்லையில் நிற்பதில்லை. இயற்கை என்னும் சொல் அங்கே சான்றிதழாக மாறுகிறது. முள்ளெலி தன் தகடுகளைத் தானே வளர்க்கிறது. உடைந்தால் தானே செப்பம் செய்துகொள்கிறது. ஹைல்பிரான் பெட்டகமோ ஆலையில் ஒட்டப்பட்டு, ரோபோவால் செதுக்கப்பட்டு வந்தது. க்முண்டின் திண்மையான பலகை ஹைல்பிரானில் உள்ளீடற்ற பெட்டகமாக மாறியபோது எடை குறைந்தது. உறுப்புகளின் எண்ணிக்கையோ பன்மடங்கு பெருகியது. அந்த வேலைப்பளுவை ரோபோ ஏற்றது. ஒரு தட்டில் இறக்கிய எடை மறுதட்டில் எண்ணிக்கையாக ஏறிற்று என்றே இதனைச் சொல்ல வேண்டும். மெல்லிய கட்டடத்தின் அளவைக் கூரையின் எடையோடு நிறுத்துவது நேர்மையான அளவையாகாது. செதுக்கிக் கழித்த மரம், ஒட்டுப்பசை, இயந்திரத்தின் ஆற்றல், பத்தாண்டு கழித்து ஒரு பெட்டகம் பழுதானால் அதனை மீண்டும் செய்யும் வழி ஆகிய அனைத்தும் அத்தட்டில் ஏறவேண்டும். மன்ஹைமில் ஒரு சட்டம் முறிந்தால் மரக்கடையிலிருந்து இன்னொரு சட்டம் கொண்டு மாற்றலாம். ஹைல்பிரானில் ஒவ்வொரு பெட்டகத்துக்கும் தனி வடிவம். அதன் கணினிக் கோப்பு தொலைந்தால் அறிவும் தொலைந்தது.

இதே ஆய்வுக்குழுவினர் உர்பாக் என்னும் ஊரில் 2019இல் எழுப்பிய 14 மீட்டர் உயரக் கோபுரம் வேறு கதை சொல்கிறது. மரம் உலரும்போது கோணுவது தச்சரின் நெடுநாள் பகை. அங்கே நார்த்திசை மாறிய அடுக்குகளை ஈரத்தோடு ஒட்டித் தட்டையான பலகைகளாகச் செய்து, பின் உலர்த்தினர். அடுக்குகள் வெவ்வேறளவு சுருங்கியதால் பலகைகள் அச்சு எதுவுமின்றித் தாமே வளைந்தன. எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு வளைவு என்பதை முன்கூட்டியே சொன்னது கணினி. மரத்தின் குறையென்று நாம் எண்ணியதை அதன் குணமென்று உணர்த்திய கணக்கு இது. உயரத்தில் சிறிதாயினும் எண்ணத்தில் இதனையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

கேம்பிரிட்ஜ்: முன்னரே வந்த வடிவம்

நம் வாசகர்கள் பலரும் அறிந்த கட்டடம் கேம்பிரிட்ஜ் மத்தியப் பள்ளிவாசல். 2019இல் திறக்கப்பட்ட அதனை மார்க்ஸ் பார்ஃபீல்டு நிறுவனத்தார் வடிவமைத்தனர். இஸ்லாமிய வடிவியலில் வாழ்நாளைச் செலவிட்ட கீத் கிரிட்ச்லோ அதன் கோலங்களுக்கு வழிகாட்டினார். 2021இல் பிரிட்டனின் ஸ்டர்லிங் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தரையிலிருந்து மரங்கள்போல் எழும் தூண்கள் மேலே கிளைத்து, எண்கோண அடிப்படையிலான கோலமாகப் பின்னிக் கூரையைத் தாங்குகின்றன. மேலே சாளரங்கள் வழியே பகலொளி இறங்குகிறது. ஸ்வீடன் நாட்டுக் காடுகளோ நார்வேயின் காடுகளோ நினைவுக்கு வரும் வண்ணம் ஸ்புரூஸ் மரத்தின் வெளிர் நிறம். அடுக்கடுக்காக ஒட்டி வளைத்த கட்டைகளைச் சுவிட்சர்லாந்தின் புளூமர் லேமன் தச்சகத்தார் கணினி வழி இயங்கும் இயந்திரங்களால் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இணைப்புகளாக்கினர். உர்பாக் கோபுரத்துக்கு மரப்பணி செய்தவர்களும் அவர்களே.

நம் உரைகல்லில் இக்கட்டடத்தைத் தேய்த்தால் கிடைக்கும் தடம் வேறு. இங்கே வடிவம் எடையிடம் கேட்டுப் பெறப்படவில்லை. கோலம் முதலில் வந்தது. கணினி அதனை நிறைவேற்றித் தந்தது. இது மெல்லோடும் அன்று. கிளைத்த தூண்களின் காடு. குறைந்த பொருளால் மிகுந்த இடம் என்னும் அளவையால் பார்த்தால் மன்ஹைம் இதனை எளிதில் விஞ்சும். இதனை 'எடை குறைந்த கட்டமைப்பு' என்று புகழ்வோர் புகழவேண்டியதை விட்டு வேறொன்றைப் புகழ்கின்றனர்.

தொடக்கத்தில் இம்மதிப்பீட்டை இவ்விடத்திலேயே முடிக்க எண்ணியிருந்தோம். மீண்டும் எண்ணியபோது நம் அளவை குறுகியது என்பது புலனாயிற்று. கட்டடம் தாங்கும் சுமை காற்றும் பனியும் தன்னெடையும் மட்டுமன்று. ஐரோப்பிய நகரொன்றில் ஏறக்குறைய ஆயிரம் பேர் தோளோடு தோள் நிற்கும் தொழுகைக்கூடம், 'நாம் இம்மண்ணுக்கு அயலாரோ?' என்னும் வினாவின் சுமையையும் தாங்கவேண்டியுள்ளது. ஆங்கிலத் தேவாலயங்களின் கல்விசிறிக் கூரைகளையும் இஸ்லாமியக் கோலத்தையும் ஒருங்கே நினைவூட்டும் அம்மரக்கிளைகள் அவ்வினாவுக்கு விடையளிக்கின்றன. கோலம் இங்கே அணிகலன் மட்டுமாகவும் இல்லை. கூரையைத் தாங்கும் உறுப்பே கோலமாகியுள்ளது. மேலே வேறோர் இரும்புச் சட்டகம் சுமக்க, கீழே மரத்தைத் தொங்கவிட்டு ஏமாற்றும் வேலை அங்கில்லை. இதனால் கேம்பிரிட்ஜைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதனைப் பின்பற்றுவோர் குறித்து அச்சம் உண்டு. அங்கே பொருளோடு வந்த கோலம், பிற இடங்களில் இயந்திரத்தால் முடியும் என்பதற்காகவே வரத்தொடங்கினால், எஞ்சுவது வீண்செலவு ஒன்றே.

அளப்பவர் என்னும் பெயர்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், கணினி மூன்று நிலைகளில் நிற்பது தெரியவரும். மன்ஹைமிலும் உர்பாக்கிலும் அது பொருளிடம் வினவி விடை பெறுகிறது. ஹைல்பிரானில் வினவவும் செய்கிறது. தன் ஆற்றலைக் காட்டவும் செய்கிறது. கேம்பிரிட்ஜில் மனிதர் எண்ணிய பொருளுக்குப் பணிவிடை செய்கிறது. நான்காவது நிலையொன்றும் உண்டு. எந்த வினாவும் இன்றி, எந்தப் பொருளும் இன்றி, திரையில் கண்ட வளைவை எவ்வளவு மரம் செலவானாலும் கட்டிமுடிப்பது அது. அங்கே கணினி குறையை மறைக்கும் திரையாகிறது. கணக்கு வலிமை குன்றியிருந்த காலத்தில் தவறான வடிவத்தைக் கட்டவே இயலாதிருந்தது. அவ்வியலாமையே ஒரு காவலாக நின்றது. இன்று தவறான வடிவத்தையும் நிற்கவைக்கலாம். ஆதலின் காவல் மனிதரிடம் வந்து சேர்ந்துள்ளது.

நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இன்று பொறியியலும் கட்டடக்கலையும் பயில்கின்றனர். நம் ஜமாஅத்துகளில் கட்டடப் பொறுப்பேற்போரும் பலர். அவர்கள் முன் நாளை ஒரு திரையில் அழகிய வளைவுகள் விரியும்போது கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை. இவ்வளைவை வேண்டியது யார்: சுமையா, பொருளா, ஆசையா? இதன் ஒரு துண்டு முறிந்தால் மாற்றத்தக்கவர் நம் ஊரில் உண்டா? குறைத்த எடை எங்கே போயிற்று? அரபு அகராதி அந்த இளைஞருக்கு வைத்துள்ள பெயர் 'அளப்பவர்' என்பது. இவ்வினாக்களைக் கேட்கும்வரை அப்பெயர் அவருக்கு உரியது.